என் தோளுக்கேற்ற தோட்டா

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், பனியுகத்துப் பனிப்பாளங்கள் ஏறி மட்டமாக்காமல் விட்டுப்போன, மேடும் பள்ளமுமான நிலப்பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே கிக்கபூ ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஓக் காட்டில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலையில், நான் என் முதல் மானைச் சுட்டேன். எழுபது கெஜ தூரத்தில் ஒரு பிணைமான், தலையை வலப்புறம் வைத்து, பக்கவாட்டில் முழு உடலையும் காட்டிக்கொண்டு நின்றது. அதைவிட எளிய குறி எவருக்கும் வாய்க்காது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் நடுவில் குறிக்கோட்டை நிறுத்தி விசையை இழுத்தேன். அடுத்து நான் கண்டது வானத்தையும் ஒரு கிளையையும்தான். துப்பாக்கியைக் கீழிறக்கி மீண்டும் ஸ்கோப் என்னும் குறிநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மான் இல்லை. அது எந்தப் பக்கம் ஓடியது, எப்படித் துள்ளியது, குண்டு எங்கே பட்டது என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த அயலவர், ஐம்பது ஆண்டுகள் பால்பண்ணை நடத்தி ஓய்வு பெற்றவர், கைவிளக்குடன் வந்தார். மான் நின்ற இடத்தில் சில வெள்ளை முடிகளும், கருத்த இரத்தமும், அதில் பசிய துணுக்குகளும் கிடந்தன. அவர் அவற்றை விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்றும், இப்போது பின்தொடர்ந்தால் மான் எழுந்து எழுந்து ஓடும் என்பதால் விடியும்வரை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். அன்றிரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கியது. காலையில் நானூறு கெஜத்துக்கு அப்பால், ஓடைப் படுகையில் அதைக் கண்டோம். பின்னங்கால்களை கயோட்டி எனப்படும் காட்டு நரிகள் தின்றிருந்தன. அது படுத்து எழுந்து மீண்டும் படுத்த மூன்று இடங்களை நாங்கள் வழியில் பார்த்திருந்தோம். அந்த மூன்று படுக்கைகளுக்கும் இடையே எத்தனை மணி நேரம் கடந்திருக்கும் என்பதை நான் இன்றும் கணக்கிட்டுப் பார்க்கிறேன். கொல்லாமையை அறங்களில் தலையாயதாகப் போற்றும் மொழியில் வளர்ந்தவன், அதைக் கடந்து ஓர் உயிரைக் கொல்லத் துணிந்தபின், விரைவாகக் கொல்வது ஒன்றே அவனிடம் எஞ்சியிருக்கும் கடமை. நான் அந்தக் கடமையில் தவறியிருந்தேன்.

பெரிய தோட்டா தரும் ஆறுதல்

அந்த வாரம் நன்றி தெரிவித்தல் நாள் விருந்தில் இதைச் சொன்னபோது கிடைத்த அறிவுரைகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன. இன்னும் வலுவான தோட்டாவைப் பயன்படுத்தினால், சற்றுத் தவறிப் பட்டாலும் மான் விழுந்துவிடும் என்றார்கள். நான் பயன்படுத்தியது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். 1906-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட அந்தத் தோட்டா ஒரு நூற்றாண்டாக இங்கே மான், கரடி, எல்க் என்னும் பெரிய மான் ஆகிய எல்லாவற்றையும் வீழ்த்தி வருகிறது. அதுவே போதவில்லை என்றால் வேறு எது போதும் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. ஆயினும் அவர்கள் சொன்னதை நம்பவே விரும்பினேன். தவறு தோட்டாவுடையது என்றாகிவிட்டால், கடையில் வேறொன்றை வாங்கித் திருத்திக்கொள்ளலாம் அல்லவா.

அந்தத் துப்பாக்கியை நான் வாங்கியதும் அதே வகை அறிவுரையின் பேரில்தான். வாழ்நாள் முழுவதற்கும் ஒரே துப்பாக்கி போதும், எந்த விலங்குக்கும் ஏற்றதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் விற்பனையாளர். மலையேறுபவர்களுக்கென எடை குறைத்துச் செய்யப்பட்ட ரைஃபிள் அது. ஸ்கோப்பையும் சேர்த்து ஏழரை பவுண்டு. தூக்கிப் பார்த்தபோது சுகமாக இருந்தது. துப்பாக்கியின் எடை குறையும் அளவுக்கு அதன் உதை கூடும் என்பதைப் பள்ளி இயற்பியலில் படித்திருந்தும் அந்தக் கடையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. 180 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு கிராம் குண்டு, நொடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியேறும்போது, அந்த எடையுள்ள துப்பாக்கி தோளில் ஏறத்தாழ 23 அடி-பவுண்டு ஆற்றலுடன் வந்து மோதும். பெரும்பாலானவர்களுக்கு 20 அடி-பவுண்டைத் தாண்டினாலே தொடர்ந்து நன்றாகச் சுடுவது கடினம் என்பது இங்குள்ள பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இதோடு என் உடலமைப்பும் சேர்ந்துகொண்டது. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கடைகளில் கிடைக்கும் ரைஃபிள்களில் விசையிலிருந்து, தோளில் அணைக்கும் கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் வழக்கமாகப் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அது என்னைவிடக் கை நீண்டவர்களை எண்ணி வைத்த அளவு. கட்டை நீளமாக இருப்பதால் நான் கழுத்தை முன்னே நீட்டி, உடலைப் பின்னே சாய்த்து, தோளின் குழியில் அல்லாமல் புயத்தின் மூட்டில் கட்டையைத் தாங்கினேன். முதல் நாள் பயிற்சியிலேயே ஸ்கோப்பின் விளிம்பு வந்து மோதி வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் கிழித்துவிட்டது. நான்கு தையல்கள் போட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான் என்று சுற்றியிருந்தவர்கள் தேற்றினார்கள். நானும் அதை மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

வெடிக்காத தோட்டா

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அயலவர் என்னைத் தம் நிலத்தின் பின்புறமுள்ள சுடுமேடைக்கு அழைத்தார். நூறு கெஜத்தில் விருந்துகளுக்குப் பயன்படுத்தும் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலத் தட்டின் அளவுதான். அதற்குள் எப்போதும் அடிக்க முடிகிறவரே காட்டுக்குப் போகலாம் என்பது அவருடைய விதி. நான் ஐந்து முறை சுட்டேன். இரண்டு குண்டுகள் தட்டில் பட்டன. மற்ற மூன்றும் கீழேயும் இடப்புறமும் எங்கோ போயின. ஸ்கோப் பிசகியிருக்கும் என்றேன். அவர் துப்பாக்கியை வாங்கி மணல்மூட்டையின் மேல் வைத்து மூன்று முறை சுட்டார். மூன்று குண்டுகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவில் விழுந்தன.

பிறகு அவர், இனிமேல் தோட்டாவைத் தாமே நிரப்பித் தருவதாகவும், நான் சுடும் வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றும் சொன்னார். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று நிரப்பினார். முதல் முறை வெடித்தது. இரண்டாம் முறையும் வெடித்தது. மூன்றாம் முறை நான் மூச்சை நிறுத்தி, குறிக்கோட்டைத் தட்டின் நடுவில் வைத்து, விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஊசி விழும் சிறு ஓசை மட்டும் கேட்டது. வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவை அவர் உள்ளே வைத்திருந்தார்.

அந்த அமைதியில் என் உடல் என்ன செய்தது என்பதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். துப்பாக்கியின் குழல், யாரோ மேலிருந்து தட்டியதைப் போல ஒரு சாண் கீழே குனிந்தது. என் வலது தோள் முன்னால் பாய்ந்து கட்டையை முட்டியது. பற்கள் கடித்திருந்தன. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. அவற்றைத் திறக்க எனக்கு ஒரு முழு நொடி பிடித்தது. வெடிக்கும்போது இவை எல்லாவற்றையும் வெடியோசையும் உதையும் மூடி மறைத்துவிடுகின்றன. வெடிக்காதபோது மறைக்க எதுவும் இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று காட்டின் பக்கம் பார்த்தேன். வலப்புறம் தலைவைத்து நின்ற மானின் நெஞ்சுக்குக் கீழேயும் இடப்புறமும் இருப்பது அதன் வயிறு.

அன்று அவர் மேலும் ஒன்பது முறை நிரப்பித் தந்தார். இந்தப் பழக்கத்தை அறிந்தபின்னும் என்னால் நிறுத்த முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மனத்தின் உறுதி இதில் அதிகம் செல்லாது. புருவத்தைக் கிழித்த அடியை நான் மறந்திருந்தேன். உடல் அதை மறக்கவில்லை. மான் எதிரே நிற்கும்போது உதையை யாரும் உணர்வதில்லை என்று வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அது உண்மைதான், நானும் அந்த மாலையில் எந்த வலியையும் உணரவில்லை. ஆனால் வெடியை எதிர்பார்த்து உடல் துணுக்குறும் இந்த மருட்சி உதைக்கு முன்னால் நடப்பது. பயிற்சி மேடையில் கற்றுக்கொண்ட அதைத் தோள் காட்டுக்கும் எடுத்துச் செல்கிறது.

பெரிய தோட்டா மானை விழத்தட்டும் என்ற பேச்சின் பொருத்தமின்மையும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு சுமந்து செல்லும் உந்தத்துக்குக் குறையாத உந்தத்தைத் துப்பாக்கி என் தோளில் இறக்குகிறது. குண்டின் மோதலால் ஒரு மான் கீழே சாய்ந்துவிடுமென்றால், நானும் சாய்ந்திருக்க வேண்டும். மானைக் கொல்வது மோதல் அன்று. இதயமும் நுரையீரலும் சிதைந்து இரத்த அழுத்தம் வீழ்வதே கொல்கிறது. அதனால்தான் சரியான இடத்தில் அடிபட்ட மானும் பல வேளைகளில் ஐம்பது, நூறு கெஜம் ஓடித்தான் விழுகிறது. வயிற்றில் பட்ட குண்டு எவ்வளவு பெரியதானாலும் அந்த இரவின் நீளத்தைப் பெரிதாகக் குறைத்திருக்காது.

.243-இன் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள்

அயலவர் தம் பேத்தியின் .243 வின்செஸ்டர் ரைஃபிளைக் கொண்டுவந்து தந்தார். 1955-இல் வெளிவந்த இந்தத் தோட்டா, .308 வின்செஸ்டரின் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி ஆறு மில்லிமீட்டர் குண்டு பொருத்தப்பட்டது. 100 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் செலுத்தும் இது, எட்டுப் பவுண்டு துப்பாக்கியில் ஏறத்தாழ ஒன்பது அடி-பவுண்டு அளவுக்கே உதைக்கும். என் பழைய ரைஃபிளின் உதையில் பாதிகூட இல்லை. அவருடைய உறவினர்களிடமிருந்து 6.5 கிரீட்மோர் ஒன்றும் 7 மி.மீ-08 ரெமிங்டன் ஒன்றும் இரவல் கிடைத்தன. இவை இரண்டும் பன்னிரண்டு முதல் பதினான்கு அடி-பவுண்டு வரை உதைப்பவை. மூன்றையும் ஒரு மாதம் போலித் தோட்டாக்கள் கலந்து சுட்டுப் பார்த்தேன். அட்டவணைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். 7 மி.மீ-08-இல் முதல் ஆறேழு முறை குழல் அசையாமல் நின்றது. அதன்பின் குனியத் தொடங்கியது. 6.5 கிரீட்மோரில் பத்தாவது முறைக்குப் பிறகு கண் மூடியது. .243-இல் இருபது முறைக்குப் பின்னும் குழல் இருந்த இடத்திலேயே இருந்தது.

7 மி.மீ-08-ஐக் கைவிட எனக்கு மனமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த அந்தத் தோட்டாவின் ஆற்றல், 1892-ஆம் ஆண்டின் 7×57 மவுசருக்கு மிக நெருக்கமானது. மவுசரின் அந்தத் தோட்டாவைத்தான் ஆங்கிலேயர்கள் .275 ரிக்பி என்று அழைத்தார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக, 1907-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி துப்பாக்கியே. ஆட்கொல்லிகளின் பின்னே காட்டில் நடந்த மனிதர் மிதமான உதையுள்ள ஒரு துப்பாக்கியை விரும்பிச் சுமந்தார் என்பதை, விருந்தில் எனக்கு அறிவுரை சொன்னவர்களிடம் சொல்ல வேண்டுமென்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

.243-இன் மேல் இங்கே இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. அது குழந்தைகளுக்கான தோட்டா என்பது ஒன்று. இதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் அதனால் கண் மூடாமல் சுடுகிறாள் என்றால், அது தோட்டாவுக்குப் பெருமையே. இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது: அது தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரிய தோட்டா, குண்டு சிறியது, பிழைக்கு இடம் தராது, ஆகவே புதியவர்களின் கையில் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். நல்ல வேட்டைக்காரர்கள் பலர் இதை மனதார நம்புகிறார்கள். இதைப் பல இரவுகள் யோசித்தேன். பிழைக்கு இடம் என்பதை இவர்கள் குண்டில் மட்டும் தேடுகிறார்கள். பெரிய குண்டு எனக்குக் கூடுதலாகத் தந்த இடம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதன் உதை என்னிடமிருந்து பறித்தது ஓர் அடி. இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். உயரமும் பருமனும் உள்ள, சிறு வயதிலிருந்தே சுட்டுப் பழகிய ஒருவருக்கு .30-06 எந்தச் சங்கடமும் தராமலிருக்கலாம். அவருடைய கணக்கை என் தோளின் மேல் வைத்ததில்தான் பிழை.

ஆனாலும் அவர்கள் அஞ்சுவதில் உண்மை இருக்கிறது. .243-க்குக் கிடைக்கும் 55, 58 கிரெய்ன் குண்டுகள் கயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்யப்பட்டவை; மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோட்டமாகச் சிதறிவிடும். கடையில் விவரம் தெரியாமல் அந்தப் பெட்டியை எடுத்துவரும் புதியவரால்தான் இந்தத் தோட்டாவுக்குக் கெட்ட பெயர். நான் தேர்ந்தெடுத்தது 100 கிரெய்ன் நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு. ஜான் நோஸ்லர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்னும் மிக வலுவான தோட்டாவால் சுட்டும், மூஸ் என்னும் மிகப் பெரிய மான் ஒன்று விழாமல் நின்றது. குண்டு அதன் உடலில் ஆழமாகப் புகவில்லை. அவர் அதைவிடப் பெரிய துப்பாக்கியைத் தேடவில்லை. நடுவில் செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி சிதையாமல் ஊடுருவிச் செல்லும் குண்டை உருவாக்கினார். அந்தச் சுவர்தான் ஆறு மில்லிமீட்டர் குண்டையும் மானுக்குப் போதுமானதாக ஆக்குகிறது.

கீழெல்லை ஒன்று தேவை என்பதையும் நான் ஏற்கிறேன். விஸ்கான்சின் சட்டம் .22 அங்குல விட்டமுள்ள, மையத்தில் ஊசி தட்டும் தோட்டாக்களைக்கூட அனுமதிக்கிறது. அந்த அளவுக்குப் போக எனக்குத் துணிவில்லை. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 அங்குல விட்டமும் 70 கிரெய்ன் குண்டும் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான மான் வகைகளுக்கு .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கீழெல்லை. ஸ்காட்லாந்து பெரிய மான்களுக்கு 100 கிரெய்ன் என்று வைத்திருந்த எல்லையை, ஈயமில்லாத செம்புக் குண்டுகளுக்கு வழிவிட்டு, 2023-இல் 80 கிரெய்னாகக் குறைத்தது. செம்புக் குண்டு எடை இழக்காமல் ஆழமாகச் செல்வதால் குறைந்த எடையே போதுமானதாகிறது. குண்டின் எடை குறைந்தால் உதையும் குறையும். இறைச்சியில் ஈயத் துகள்கள் கலப்பதைப் பற்றிய கவலையும் எனக்கு உண்டு. இந்த ஆண்டு 80 கிரெய்ன் செம்புக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து வருகிறேன்.

உதையைக் குறைக்க வேறு வழிகளும் இருந்தன. பழைய ரைஃபிளுக்கே வெடிமருந்து குறைத்த தோட்டாக்கள் ஆலைகளிலிருந்து வருகின்றன. உதை ஏறத்தாழப் பாதியாகும். புதிய துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக்கை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது உதையைக் குறைக்கிறது, ஆனால் வெடியோசையைச் சுடுபவரின் காதுப்பக்கமே திருப்பிவிடுகிறது. ரைஃபிளின் ஓசை ஏற்கெனவே 160 டெசிபல் அளவில் இருக்கிறது. 140-ஐத் தாண்டும் ஒரே ஒரு வெடியும் செவிக்கு ஊறு செய்யக்கூடும். மேலும், மருட்சியில் பாதி ஓசையினால் வருவது. காதுறைக்குள் பஞ்சடைப்பானையும் சேர்த்துப் போட்டுக்கொண்ட நாளில் என் தோள் எவ்வளவு அடங்கியது என்பதைக் கண்டு வியந்தேன்.

கடைசியில் நான் வாங்கிய .243 ரைஃபிளின் கட்டையைப் பன்னிரண்டரை அங்குலமாகக் குறைத்து, தடித்த ரப்பர் அணை பொருத்தினேன். எடை வேண்டுமென்றே எட்டுப் பவுண்டு. நவம்பர் வரை .22 சிறு ரைஃபிளால் நூற்றுக்கணக்கில் சுட்டு, தோளுக்குப் புதிய நினைவுகளைக் கொடுத்தேன். நூற்றைம்பது கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை, பக்கவாட்டில் நிற்காத மானைச் சுடுவதில்லை என்று எனக்கு நானே இரண்டு எல்லைகளையும் வகுத்துக்கொண்டேன். இரண்டாவது எல்லை வலிக்கக்கூடியது. அந்தப் பருவத்தின் முதல் காலையில், பத்துக் கிளைக் கொம்புடைய ஓர் ஆண் மான் அறுபது கெஜத்தில் என்னை நேரே நோக்கி நின்றது. .30-06 வைத்திருந்த ஆண்டில் நான் சுட்டிருப்பேன். அது சோளத்தாள் நிற்கும் வயலுக்குள் நடந்து மறையும்வரை விசையில் விரல் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நவம்பர்

நான்காம் நாள் மாலை, அதே ஓக் காட்டில், பரணுக்குக் கீழே எண்பது கெஜத்தில் ஒரு பிணை வந்தது. உதிர்ந்து கிடந்த ஓக் கொட்டைகளை மூக்கால் கிளறிக்கொண்டு, இடப்புறமாகத் திரும்பி, பக்கவாட்டில் நின்றது. குறிக்கோட்டை முன்னங்காலுக்குப் பின்னால் நிறுத்தினேன். விசை எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார் அயலவர். ஸ்கோப்பின் வட்டம் சற்றே துள்ளி மீண்டும் அதே இடத்தில் அமர்ந்தது. அந்த வட்டத்துக்குள் மான் இன்னும் இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் மயிர் சிலிர்த்துப் பிரிந்ததைக் கண்டேன். அது பின்னங்கால்களை உதைத்துத் துள்ளியதையும், தலையைத் தாழ்த்தி ஓடையின் பக்கம் ஓடியதையும், விழுந்து கிடந்த பிர்ச் மரத்தைத் தாண்டியதையும், மூன்றாவது ஓக் மரத்தருகே கால் தடுமாறி முன்னால் சரிந்ததையும் கண்டேன். வால் ஒருமுறை அசைந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.